அம்மா திருப்பி வாங்கிய கசெற்றுகள்

சமாதானம் விளையாடியது உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒஸ்லோவில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இடைவேளையில், பின்பக்க மைதானத்தில், பனியைக் குவித்து மேசை கட்டுவோம். மேசைக்கு ஒரு பக்கம் இயக்கம், மறுபக்கம் அரசாங்கம், நடுவில் நோர்வேக்காரர். இயக்கமாக இருக்க எல்லோரும் அடிபடுவோம். அரசாங்கமாக இருக்கச் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து வந்து கட்டாயமாக இருத்துவோம். நோர்வேக்காரராக இருக்க மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். நோர்வேக்காரருக்கு வசனமே இல்லை. இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டும், இல்லாத கோப்பியை உறிஞ்ச வேண்டும், கடைசியில் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைக்க வேண்டும். அதற்குள் யாராவது பனியுருண்டை எறிந்துவிடுவார்கள். மணி அடிக்கும். நனைந்த கையுறைகளைச் சூடாக்கியின் மேல் காயப்போட்டுவிட்டு ஆனா ஆவன்னாவுக்குத் திரும்புவோம்.

இப்போது எங்களுக்கும் நரை விழுந்துவிட்டது. படியேறினால் முழங்கால் முறுமுறுக்கிறது. நீங்கள் அந்தக் காலத்தில் என்ன விளையாடினீர்கள் என்று என் பிள்ளைகள் கேட்டால் நான் இதைச் சொல்வதில்லை. சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும். உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்தக் கசெற்றைப் பார்த்தவர்கள்தானே. எங்கள் வீட்டுத் தரைக் கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்து, ரோல்ஸ் தின்றுகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தானே.

எங்கள் வீடு ஒஸ்லோவின் புருசெத்தில், ஐந்தாம் மாடியில். அப்பா வடக்கே யாழ்ப்பாணம், அம்மா கிழக்கே மட்டக்களப்பு. இரண்டு பேரும் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் ஆலையில், ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மீன் வெட்டிய காலத்தில் காதலித்தவர்கள். கலியாணத்துக்கு அப்பா பக்கத்தில் ஒருவருக்கும் விருப்பமில்லை. மட்டக்களப்புக்குப் போனவனை மந்திரம் போட்டு, ஊர் திரும்பவிடாமல், பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பகிடி இருக்கிறதே, அதை அப்பா விருந்தினர் முன்னால் விடாமல் சொல்வார்.

"நான் மட்டக்களப்புக்குப் போகவும் இல்லை. இஞ்சை மீனுக்கை நிண்டவனை ஒட்டிப்போட்டா."

"ஒட்டினதக் கழட்டிப் பாத்தன், கழருதில்ல," என்பார் அம்மா.

சபை சிரிக்கும். வடக்கும் கிழக்கும் எங்கள் வீட்டில் அவ்வளவுதான். சொதிக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதோடு சண்டை தீர்ந்துவிடும்.

ஊரில் போர்நிறுத்தம் வந்த பிறகு அப்பா நிமிர்ந்து நடந்தார். அவர் பஸ் ஓட்டினார். பேச்சுவார்த்தைக்கு வந்தவர்களின் கறுப்புக் கார்கள் போவதற்காகத் தன் பஸ்ஸை மறித்து வைத்தார்கள் என்பதை, பதக்கம் கிடைத்தவர்போல வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். "எங்கடை நாட்டுப் பிரச்சினையை என்ரை ரோட்டிலை வைச்சுத் தீர்க்கினம்," என்றார். அவரோடு வேலைசெய்த நோர்வேக்காரர்கள் கைகுலுக்கி வாழ்த்தினார்களாம். என் வகுப்பு ஆசிரியையும் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, உன் அப்பா அம்மாவின் நாட்டில் சமாதானம் வந்துவிட்டது, நீ எப்படி உணர்கிறாய் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்ததால் சந்தோஷமாக இருக்கிறது என்றேன். வகுப்பு கைதட்டியது.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். அந்த வருடம் போகாதவர்கள் யார்? விமான நிலையத்தில் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் தமிழ்ப் பள்ளிக்காரர்கள். அப்பா புதிதாக ஒரு வீடியோக் கமரா வாங்கியிருந்தார். அதைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. மாட்டை எடுத்தார், மதகை எடுத்தார், சோதனைச்சாவடியைத் தாண்டிய பிறகு திரும்பி நின்று சோதனைச்சாவடியை எடுக்கப்போய் அம்மாவிடம் நல்லாக வாங்கிக் கட்டினார்.

மட்டக்களப்பில் அம்மா பிறந்த வீட்டுக்கு மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பள்ளிக்கூடம் போகும் வயதில் இயக்கத்துக்குப் போனவர். அம்மா அவரைக் கடைசியாகப் பார்த்தபோது அவருக்கு மீசை அரும்பவில்லையாம். போர்நிறுத்தம் என்றபடியால் ஆயுதமில்லாமல், சாதாரணச் சட்டையும் சாரமுமாக வீட்டுக்கு வந்துபோக விட்டிருந்தார்கள். அவரோடு அவருடைய கூட்டாளி ஒருவரும் வந்தார். நான் அவரைக் கூட்டாளி மாமா என்று கூப்பிட்டேன். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் அவருடைய ஊர். தாய் மட்டும்தான், வேறு பிள்ளைகள் இல்லை. மனிதர் ஈர்க்குப் போல இருப்பார். கழுத்தெலும்பு சட்டைக்கு மேலால் தெரியும். என் செருப்பு வார் அறுந்தபோது, வேலியில் கிடந்த கம்பியைப் பல்லால் வளைத்து அதைப் பொருத்தித் தந்தார். ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தச் செருப்பை எறியவிடாமல் அடம்பிடித்தேன். எந்த வீடு மாறலில் தொலைந்ததோ தெரியாது.

அம்மா நண்டுக்கறி சமைத்தார். எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட, அப்பா மட்டும் நின்றபடி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அதக் கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றார் மாமா. "எங்களப் படம் எடுக்கப்படாது."

"டேய், சமாதானம் வந்திட்டுது. இனி ஆர் உன்னைத் தேடப்போறான்? நீ சாப்பிடு."

மாமா அக்காவைப் பார்த்தார். அம்மா, "உடுடா, அவருக்கு ஒரு ஆச," என்றார். எனக்கு அது தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கிறது.

பிறகு மாமாவுக்கே கமராமீது ஆசை வந்துவிட்டது. அத்தானைச் சீண்டுவது அவருக்கு உரிமையான வேலை. நண்டுக்கால் ஒன்றை ஒலிவாங்கிபோல வாயருகில் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்தார்.

"ஒஸ்லோவில இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சண்டையெண்டா நாங்க முன்னுக்கு. கதிரையெண்டா நீங்க முன்னுக்கு. சமாதானம் வந்தாலும் நாங்க வாசல்ல காவலுக்குத்தானா? கதிரையில பாதியாவது தரமாட்டீங்களா?"

"பாதி வேணாம்," என்றார் கூட்டாளி மாமா, வாய் நிறையச் சோற்றுடன். "ஒரு கால மட்டும் தந்தாலும் காணும்!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்துப் புரையேறினார். அம்மா அவர் உச்சியில் தட்டினார். கமரா குலுங்கியது. அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா சிரித்த சிரிப்புத்தான் அந்த ஒளிப்பதிவில் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, நினைவிருக்கிறதா? ஊருக்குப் போய்வந்த வீட்டின் கசெற் எல்லோருக்கும் சொந்தம். கலியாணக் கசெற், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீட்டுக் கசெற், ஊர்ப் பயணக் கசெற். யார் போய்வந்தாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டில் கூட்டம். போட்டுக் காட்டாவிட்டால் எரிச்சல்காரர் என்ற பெயர் வரும். ஊருக்குப் போக வழியில்லாதவர்கள், அகதி விண்ணப்பம் இழுபட்டுக் கிடந்தவர்கள், பின்னால் கதவோரம் நின்று, ஒரு வேலியோ சந்தியோ தெரிந்தால் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ என்று கேட்பார்கள்.

எங்கள் கசெற்றுக்கு நல்ல பெயர் வந்தது. காரணம் அந்த நண்டுக்கறிக் காட்சி. அப்பா அதை மூன்றாம் முறையாகவும் பின்னுக்கு ஓட்டிப் போட்டார். யாழ்ப்பாணத்து மாமாமார்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பொடியன் நல்லாத்தான் கேக்கிறான்," என்று ஒருவர் சொன்னார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இயக்கத்தில் இருக்கும் பிள்ளை, தன் மச்சினன், தன்னோடு இப்படிப் பகிடிவிடுகிறான் என்ற பெருமை. இரண்டாம் மாடியில் ஒரு மாமா இரண்டு வீடியோப் பெட்டிகளை வயரால் இணைத்து வைத்துப் பிரதி எடுத்துக் கொடுப்பார். நாங்கள் அவரைக் கொப்பி மாமா என்போம். அவர் எடுத்த பிரதிகளில் ஒன்று எல்லிங்ஸ்ருட் பகுதியில் இருந்த மாமி வீட்டுக்குப் போனது. ஒன்று குறொன்லாண்டில் மரக்கறிக் கடை வைத்திருந்த அண்ணனிடம் போனது.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் செய்தி வந்தது. ஒஸ்லோவில் அந்தக் காலம் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த நாய்ப்பீயும், ஒற்றைக் கையுறைகளும், சிகரெட் கட்டைகளும் ஒன்றாக வெளியே வரும். பாதையெங்கும் கொட்டிய பருக்கைக்கல் சப்பாத்துக்குள் ஏறும். அப்படியொரு பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, அப்பா சீருடையைக் கழற்றாமல் தொலைபேசியோடு நின்றார். எதிர்முனை பேசப் பேச "ம்… ம்…" என்றார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு.

இயக்கம் இரண்டாகிவிட்டது. கிழக்கில் இருந்தவர்கள் தனியாகப் பிரிந்துவிட்டார்கள். அரசாங்கத்தோடு இருந்த போர்நிறுத்தம் அப்படியே இருக்கிறது, உள்ளுக்குள்தான் வெடித்துவிட்டது என்று அப்பா சொன்னார். எனக்கு விளங்கவில்லை. எங்கள் பனிமேசையில் இரண்டு பக்கங்கள்தானே இருந்தன.

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் சமாதானம் விளையாடவில்லை. மேசை கட்டப் பனியும் இல்லை. உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், என்னிடம் வந்து, "உன்ரை அம்மா மட்டக்களப்பெல்லோ? அப்ப நீங்கள் ஆரின்ரை பக்கம்?" என்று கேட்டீர்கள். வீட்டில் பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டு வந்த கேள்வி அது. எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. அன்றைக்கு இருந்தது.

அம்மா கடைக்குள் போனால் கதை நின்றது. அப்பா வீட்டைக் கொஞ்சம் கலகலப்பாக்க நினைத்து, சாப்பாட்டு நேரத்தில் பாய்ப் பகிடியை எடுத்தார். அம்மா சோற்றுச் சட்டியை மேசையில் வைத்தார். "இனி அந்தக் கத இந்த வீட்டுக்குள்ள வேணாம்," என்றார். அப்பா அதை மறுபடி சொன்னதே இல்லை.

பிரிந்த கிழக்கு நிலைக்கவில்லை. அவர்களை அடக்க வடக்கிலிருந்து இயக்கத்து ஆட்கள் போனார்கள். கிழக்கில் இருந்த பிள்ளைகளிடம் ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவர்களுடைய தலைமை போய்விட்டது. மாமா ஏதோ ஒரு கடையிலிருந்து தொலைபேசி எடுத்தார். அம்மா தொலைபேசியை எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"வீட்ட வந்துட்டன் அக்கா. நானும் கூட்டாளியும். அவன் தாயிட்டப் போயிட்டான்."

"உனக்கு ஒண்டுமில்லயே?"

"ஒண்டுமில்ல. ஆனா ஒவ்வொருத்தனா விசாரிக்கிறாங்க. ஆரு எந்தப் பக்கம், ஆரு என்ன கதச்சவன் எண்டு. அக்கா, அத்தான் எடுத்த வீடியோ எங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். "இஞ்ச வீட்டதான் கிடக்கு," என்றார்.

"ஒருத்தருக்கும் குடுக்கல்லயே? அதில நான் கதச்சது… அது பகிடிதான். ஆனா இப்ப ஆரு அதப் பகிடியெண்டு பாப்பாங்க?"

தொலைபேசியை வைத்த பிறகு அப்பா, "எங்கடை ஆக்கள் அப்பிடிக் கொண்டுபோய்க் குடுக்க மாட்டினம்," என்றார். "எல்லாரும் எங்கடை வீட்டிலை கை நனைச்ச சனம்."

"குடுக்க மாட்டாங்க எண்டு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? என்ட தம்பிர தலைக்குப் பொறுப்பு நீங்களா?"

அம்மா என்னைப் பார்த்து, "மகள், சப்பாத்தப் போடு," என்றார்.

என்னை ஏன் கூட்டிப்போனார் என்று இப்போது விளங்குகிறது. பிள்ளையோடு வருபவளை வாசலில் வைத்துப் பேசக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த உடையோடுதான் கிளம்பினார். கையில் ஒரு துணிப் பை.

முதலில் குறொன்லாண்ட். கடை அண்ணன் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். கசெற் என்றதும் முகம் மாறியது. காசுப் பெட்டிக்கு மேலே இருந்த சின்னத் தொலைக்காட்சியின் அடியில் கைவிட்டு எடுத்துத் தந்தார்.

"கடைக்கு வாற சனம் பாக்கட்டும் எண்டு போட்டு விட்டனான், அக்கா. தைப்பொங்கல் நேரம் முழுக்க இதுதான் ஓடினது."

"எல்லாரும் பாத்தவங்களா?"

"ஓம். சனம் நல்லாச் சிரிச்சது." அவர் குரல் தணிந்தது. "நான் பிழையா ஒண்டும் நினைச்சுச் செய்யேல்லை."

அம்மா தலையாட்டினார். அண்ணன் ஒரு பை முருங்கைக்காயை என் கையில் திணித்தார். அம்மா அதைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். சுரங்க ரயிலில் கசெற் சரியானதுதானா என்று உறையைத் திறந்து திறந்து பார்த்தார். பார்த்தால் தெரியுமா? கறுப்பு நாடாதானே.

எல்லிங்ஸ்ருட் மாமி வீட்டில் எப்போது போனாலும் சாப்பிடாமல் விடமாட்டார்கள். அன்றைக்குக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே பிட்டு அவியும் மணம் வந்தது. எனக்குப் பசித்தது.

"இப்ப ஏன் அவசரமாத் தேடுறீங்கள்?" என்றார் மாமி.

"ஊர்ல தம்பி கேக்கிறான்."

"கேப்பார்தானே. கதிரையிலை பாதி கேட்டவரெல்லோ. அண்டைக்கு நாங்களும் சிரிச்சனாங்கள். இப்ப யோசிச்சால் பகிடியாத் தெரியேல்லை."

"அக்கா, அவனுக்கு உங்கட மகன்ட வயசு," என்றார் அம்மா. "அவன் சாப்பிட்டுக்கொண்டு கதச்ச கத அது."

மாமி உள்ளே போய்க் கசெற்றைக் கொண்டுவந்தார். தரும்போது, "ஓட்டிப் பாத்துத்தான் கொண்டுபோங்கோ. பிள்ளையள் அதுக்கு மேலை ஏதோ பதிஞ்சிட்டுதுகள்," என்றார். கதவு மூடியது. படிக்கட்டில் இறங்கும்போது அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் போட்டுப் பார்த்தார். தொடக்கத்திலிருந்து முடிவு வரை. எது முழுசாக இருக்கிறது, எது அழிந்திருக்கிறது என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமியின் கசெற்றில் நண்டுக்கறி அப்படியே இருந்தது. வாவிக்கரையும் கோயிலும்தான் போய், அந்த இடத்தில் யாரோ பனிச்சறுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மாமா கதிரை கேட்கும் இடம் வரும்போதெல்லாம் அம்மா தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய்த் தரையில் இருந்துவிடுவார்.

அடுத்த நாள் கொப்பி மாமா தானாகவே மேலே ஏறி வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"பிள்ளை, உனக்குச் சொல்லாமல் இன்னொண்டும் அடிச்சுக் குடுத்தனான். ஒரு தம்பி கேட்டவர். இயக்க வேலையாத் திரியிற தம்பி. அப்ப நான் ஒண்டும் யோசிக்கேல்லை. ஊர்க் கசெற் ஆர் கேட்டாலும் குடுக்கிறதுதானே."

அம்மா சுவரில் சாய்ந்தார். அப்பா பயந்ததை முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன். கொப்பி மாமா அந்த மனிதரைத் தேடிப்போய் மறுநாளே கசெற்றை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தம்பி ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாராம். பார்த்தாரா, பார்த்துவிட்டு யாருக்காவது சொன்னாரா, வேறு பிரதி எடுத்தாரா, எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமை எங்கள் வீட்டில் வருடக்கணக்காகக் குடியிருந்தது.

அந்தக் கசெற்றையும் அம்மா முடியும்வரை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சமையலறை மேசையில் அடுக்கினார். அப்பா அறைக்குள் போய்க் கமராவின் மூலக் கசெற்றைக் கொண்டுவந்து அவற்றின் மேல் வைத்தார். அதில் அப்பாவின் ஊரும் இருந்தது, அவருடைய பழைய பள்ளிக்கூடமும், பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவரைக் கண்டு அழுத, அவரைப் பெற்ற ஐயாவும். "அந்தத் துண்டை மட்டும் வெட்டலாமோ?" என்று கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை. அவரே கத்தரிக்கோலை எடுத்துத் தந்தார்.

நாடாவை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மண்ணிறமாய், மினுமினுத்து, முழங்கால்வரை குவிந்தது. நாங்கள் மூவரும் தரையில் இருந்து துண்டு துண்டாக வெட்டினோம். குப்பைக்குக் கொண்டுபோகும்போது காற்று ஒரு பிடியை அள்ளிக்கொண்டு போய் வாசலில் நின்ற பேர்ச் மரத்தில் போட்டது. கோடை முழுக்க அது அங்கே தொங்கியது. பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் பறவைகளுக்குக் கூடாதென்று பொல்லால் தட்டிப் பார்த்தார், வரவில்லை.

மாமா தப்பினார். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கிடந்து, கத்தாருக்குப் போய், பாரவண்டி ஓட்டி, இப்போது மட்டக்களப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வயிறும் வைத்துவிட்டது. அம்மாதான் அவரைக் காப்பாற்றினார் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

கூட்டாளி மாமாவை அதே வருடம் வீட்டுக்கு வந்து கூட்டிப் போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று தாயிடம் சொன்னார்களாம். யார் வந்தார்கள் என்று ஆளுக்கொரு கதை. அந்தக் காலத்தில் அங்கே ஆட்களைக் கூட்டிப்போக ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. மாமா கொழும்பிலிருந்து அந்தச் செய்தியைச் சொன்னபோது, அம்மா "ஐயோ" என்றார். அடுத்த மூச்சில், "நீ பத்திரம்தானேடா?" என்றார்.

ஒரு காலாவது தாருங்கள் என்று கேட்டவரும் அதே கசெற்றில்தான் இருந்தார். வீடு வீடாக அலைந்தபோது எங்களில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை. எச்சரிக்கை செய்ய அவருக்கு ஒரு தொலைபேசி எடுக்கவில்லை. கசெற்றால்தான் அது நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாது என்பது ஆறுதல் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த அந்தச் சமாதானம் பிறகு என்ன ஆனது, போர் எப்படி முடிந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமைப் பள்ளியை விட்டு நாங்கள் போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்று கத்திய காலம் அது.

போன வருடம் மாமா தொலைபேசி எடுத்தார். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு இருக்கிறார்கள், அதில் கூட்டாளியின் தாயைக் கண்டேன் என்றார்.

"எல்லாத் தாய்மாரும் பிள்ளைர படத்த மடியில வெச்சிருக்காங்க அக்கா. அவட கையில ஒரு மட்டை. அதில பேர் மட்டும் எழுதிக் கிடக்கு. அவன் சின்னதில போனவன், வீட்ட இருந்த படமும் வெள்ளத்தோட போயிட்டுதாம். அந்த வீடியோவில ஒரு துண்டாவது கிடக்குதா? அவன்ட முகம் தெரிஞ்சாக் காணும்."

அப்பா நிலவறைக் களஞ்சியத்தில் இருந்த பெட்டியெல்லாம் பிரித்தார். ஓய்வுபெற்ற மனிதர், இடுப்பு வலியோடு. கிடைத்த கசெற்றையெல்லாம் போட்டுப் பார்க்க எங்கேயோ ஒரு பழைய வீடியோப் பெட்டி வாங்கி வந்தார். என் பிறந்தநாள், யாரோ ஒருவரின் சாமத்திய வீடு, மழை விழுந்த ஒரு விளையாட்டுப் போட்டி. கொப்பி மாமாவின் மகளிடம் கேட்டோம். எல்லிங்ஸ்ருட் மாமியிடமும் கேட்டோம். அவர் இந்த முறை கதவை முழுக்கத் திறந்தார், தேநீர் தந்தார், தன் வீட்டு அலுமாரியையே கவிழ்த்துத் தேடினார். அம்மா தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தாயின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி அம்மா எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உங்கட மகன்ட படம் என்னட்ட இருந்தது. ஓடுற படம். நான்தான் அத வெட்டி எறிஞ்சன். என்ட தம்பியக் காப்பாத்த."

அந்தப் பக்கம் வாகனச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு மெல்லிய குரல்.

"என்ட பிள்ளையும் அதில இருந்தான் எண்டு உங்களுக்கு நினைப்பு வரல்லியா, தங்கச்சி?"

"வரல்ல அக்கா. வந்திருக்க வேணும். வரல்ல."

அம்மா தொலைபேசியை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அந்தத் தாயும் வைக்கவில்லை.

"அவன் அதில என்ன செய்யிறான்?"

அம்மா சொல்லத் தொடங்கினார். அழிப்பதற்காக ஒவ்வொரு பிரதியையும் முடியும்வரை பார்த்தவர். ஒரு வினாடி தவறவில்லை. எந்த நிறச் சட்டை, எந்தப் பக்கம் வகிடு, இடக்கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்தது, நண்டை உடைக்கத் தெரியாமல் மாமாவிடம் நீட்டியது, என் செருப்பை மடியில் வைத்துக் கம்பியைப் பல்லால் வளைத்தது, புரையேறிக் கண்ணில் நீர் வழியச் சிரித்தது. அந்தத் தாய் எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டார்.

"மெலிஞ்சு போயிருந்தவனா?"

அந்தக் கழுத்தெலும்பு எனக்கு இப்போதும் தெரிகிறது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

"இல்ல அக்கா. நல்லாத்தான் இருந்தவன். நான் என்ட கையாலதான் போட்டன், ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்."

"அப்ப சரி," என்றார் அந்தத் தாய். "தங்கச்சி, முதல்ல இருந்து இன்னொருக்காச் சொல்லுங்க."

அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.